சைலன்சரைக் கழற்றுவதற்கு முன்: மண்பாதை ரைடர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள மண்பாதை ரைடர்களுக்கு,

ஜவ்வாது மலையிலும் கல்வராயனிலும் கொல்லிமலையிலும், ஓடைக் கற்களிலும் செம்மண் சரிவுகளிலும் வார இறுதிகளைக் கழிக்கும் உங்கள் எல்லோருக்கும் இதை எழுதுகிறேன். ஹிமாலயன் வைத்திருப்பவர், எக்ஸ்பல்ஸ் வைத்திருப்பவர், கேடிஎம் அட்வென்ச்சர் வைத்திருப்பவர், பழைய ஆர்எக்ஸ் 100ஐ மண்ணுக்கு ஏற்றபடி மாற்றி வைத்திருப்பவர் எல்லோரும் இதில் அடக்கம். நானும் உங்கள் கூட்டத்தில் ஒருவன்தான். உங்களில் பலருக்கு அண்ணன் வயது, சிலருக்குச் சித்தப்பா வயது. அந்த உரிமையில் ஒன்று கேட்கிறேன். கம்பெனி சைலன்சரைக் கழற்றிவிட்டு, அலறுகிற எக்ஸாஸ்ட் மாட்டிக்கொண்டு மலையேறும் வழக்கத்தை நாம் விட்டுவிட வேண்டும்.

"சத்தத்துக்காக மாட்டலண்ணே, பவருக்காகத்தான் மாட்டினேன்" என்று நீங்கள் சொல்வது எனக்குத் தெரியும். அந்தப் பதிலை நான் தட்டிக்கழிக்கப் போவதில்லை. பவர் உண்மையிலேயே கிடைக்கிறதா, எவ்வளவு, எந்த இடத்தில், அதற்கு என்ன விலை கொடுக்கிறோம் என்று கணக்குப் பார்க்கத்தான் இந்த மடல்.

இன்ஜினுக்குள்ளிருந்தே தொடங்குகிறேன். நாலு ஸ்ட்ரோக்கில் எக்ஸாஸ்ட் வால்வு திறக்கும்போது சிலிண்டருக்குள் இன்னும் கணிசமான அழுத்தம் மிச்சமிருக்கும். அது ஓர் அலையாகப் பாய்ந்து பெண்ட் பைப்பில் இறங்கும். குழாய் சட்டென்று அகலமாகும் இடத்தை எட்டியதும் அந்த அலை தலைகீழாகி, உறிஞ்சும் அலையாக வால்வை நோக்கித் திரும்பும். இன்டேக், எக்ஸாஸ்ட் வால்வுகள் இரண்டும் ஒருசேரத் திறந்திருக்கும் அந்தச் சிறு நேரத்தில் அது வந்து சேர்ந்தால், எரிந்த வாயுவை வெளியே இழுத்துப் புதுக் கலவைக்கு இடம் செய்து கொடுக்கும். எக்ஸாஸ்டிலிருந்து கிடைக்கும் பவரில் பெரும்பங்கு இந்த நேரக்கணக்கில்தான் இருக்கிறது. அதைத் தீர்மானிப்பது பெண்ட் பைப்பின் நீளமும் விட்டமும். கடைசியில் இருக்கும் சைலன்சருக்கு அதில் பங்கு சிறிது. அது செய்யக்கூடிய தீங்கு ஒன்று உண்டு: உச்ச ஆர்பிஎம்மில் வாயு வெளியேறுவதை அது நெருக்கும். ஆகவே திறந்த சைலன்சர் மாட்டினால் மேல் ஆர்பிஎம்மில் கொஞ்சம் பவர் கூடுவது உண்மை. அதை நான் மறுக்கவில்லை.

"கொஞ்சம் பேக் பிரஷர் இருந்தாத்தான் வண்டி இழுக்கும்" என்று பட்டறைகளில் சொல்வார்களே, அதுவும் இந்த அலைக் கணக்கைத்தான் வேறு விதமாகச் சொல்வது. எந்த இன்ஜினுக்கும் பேக் பிரஷர் தேவைப்படுவதில்லை. சைலன்சரை மாற்றியதும் கீழ் ஆர்பிஎம்மில் இழுவை குறைந்தால், அலை திரும்பும் நேரம் மாறிவிட்டது, கலவையும் கெட்டுவிட்டது என்று அர்த்தம்.

இப்போது நம் வண்டிகளைப் பாருங்கள். ஹிமாலயன் 450க்கு 452 சிசி இன்ஜின். உச்ச பவரான 40 பிஎஸ் கிடைப்பது 8,000 ஆர்பிஎம்மில், உச்ச டார்க்கான 40 என்எம் கிடைப்பது 5,500இல். எக்ஸ்பல்ஸ் 200 4வியின் உச்ச பவர் 8,500 ஆர்பிஎம்மில் வருகிறது. திறந்த எக்ஸாஸ்ட் கொடுப்பது அந்த மேல் முனையில்தான். நாம் எங்கே ஓட்டுகிறோம்? கல்லும் வேருமாகக் கிடக்கும் ஏற்றத்தில் ஃபர்ஸ்ட் கியரிலோ செகண்ட் கியரிலோ, மூவாயிரத்துக்கும் ஐயாயிரத்துக்கும் நடுவில், பாதி கிளட்சைப் பிடித்துக்கொண்டு. அங்கே நம்மை நிறுத்துவது பவர் குறைவு கிடையாது. பின் டயர் மண்ணைப் பிடிக்காமல் சுற்றுவதுதான். அந்த இடத்தில் வேண்டியது நூல் பிடித்த மாதிரி வரும் த்ராட்டில். சரியாக டியூன் செய்யாத திறந்த எக்ஸாஸ்ட் கெடுப்பது அதைத்தான்.

பிஎஸ்6 வண்டிகளில் இன்னொரு விஷயமும் உண்டு. ஓ2 சென்சார் பார்த்துச் சொல்வதைக் கேட்டு ஈசியூ பெட்ரோலைத் திருத்திக்கொண்டே இருக்கும். ஆனால் த்ராட்டிலை முழுதாகத் திறக்கும்போது பெரும்பாலும் அது ஏற்கனவே எழுதிவைத்த கணக்கின்படிதான் பெட்ரோல் விடும். வாயு எளிதாக வெளியேறும் குழாயை மாட்டிவிட்டு அந்தக் கணக்கை மாற்றாமல் விட்டால் கலவையில் பெட்ரோல் குறையும், சூடு ஏறும், த்ராட்டிலை மூடும்போதெல்லாம் பட்டாசு மாதிரி வெடிக்கும். அந்த வெடிப்பைப் பவர் என்று நினைத்துக்கொள்பவர்கள் உண்டு. அது எரியாமல் போன பெட்ரோல் குழாய்க்குள் எரியும் சத்தம். ரீமேப் செய்யாமல் வெறும் சைலன்சரை மட்டும் மாற்றியவருக்குக் கிடைப்பதில் பெரும்பகுதி சத்தமும், சில கிலோ எடைக் குறைப்பும்தான். எடைக் குறைப்பு மண்ணில் உண்மையான லாபம், அதையும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்தச் சில கிலோவைப் பின்னால் கட்டும் பையில் குறைக்கலாம்.

ஆர்எக்ஸ் 100காரர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. டூ ஸ்ட்ரோக்கில் எக்ஸாஸ்ட் என்பது இன்ஜினின் ஒரு பாகம். வயிறு பெருத்து வால் குறுகிய அந்தக் குழாய், சிலிண்டரிலிருந்து தப்பி வெளியே வந்த புதுக் கலவையைத் திரும்பும் அலையால் மறுபடி உள்ளே தள்ளுகிறது. இந்தக் கணக்கை 1950களில் கிழக்கு ஜெர்மனியில், எம்இசட் கம்பெனியில் வால்டர் காடென் என்ற பொறியாளர் பொறுமையாகத் தீட்டினார். 1961இல் அவருடைய ரைடர் எர்ன்ஸ்ட் டெக்னர் நாட்டை விட்டே தப்பி, அந்த அறிவோடு சுசுகியில் சேர்ந்தார். மறு ஆண்டே சுசுகி 50 சிசி உலகப் பட்டத்தை வென்றது. ஒரு குழாயின் வடிவத்துக்கு அவ்வளவு மதிப்பு இருந்தது. நம் ஊரில் அந்தக் குழாயின் வாலை வெட்டி, உள் பைப்பை உருவி எறிந்துவிட்டு "ஓப்பன் பண்ணியாச்சு" என்கிறோம். பவரைத் தரும் வடிவத்தைக் கெடுத்துச் சத்தத்தை மட்டும் வாங்கிக்கொள்ளும் வியாபாரம் அது. எனக்கு இதைப் பார்க்கும்போதெல்லாம் மனசு வலிக்கும்.

கடினமான பாதைக்குச் சத்தம் வேண்டும் என்றால் டிரையல்ஸ் போட்டிக்காரர்கள்தான் முதலில் காதைப் பிளக்க வேண்டும். ஆள் உயரப் பாறைமேல் வண்டியை ஏற்றும் விளையாட்டு அது. ஸ்பெயின்காரர் டோனி போவ் 2007இல் தொடங்கி 2024 வரை ஒவ்வோர் ஆண்டும், வெளி அரங்கு, உள்ளரங்கு இரண்டிலும் உலகப் பட்டம் வென்றார், அதுவும் மான்டேசா வண்டியில். மோட்டார் சைக்கிள் போட்டிகளிலேயே சத்தம் மிகக் குறைந்தவற்றில் ஒன்று டிரையல்ஸ். வண்டியின் நடுவில் பெரிய சைலன்சர் பெட்டியே உட்கார்ந்திருக்கும். பெரிய கொள்ளளவு இருந்தால் வாயுவை நெருக்காமலே சத்தத்தை அடக்கலாம். சின்ன டப்பாவுக்குள் அடக்கப் பார்த்தால்தான் பவருக்கும் அமைதிக்கும் சண்டை வரும். 2013இல் ஹோண்டா தன் மோட்டோகிராஸ் வண்டியான சிஆர்எஃப்450ஆருக்கு இரண்டு பக்கமும் இரண்டு சைலன்சர் வைத்துப் பார்த்ததற்குப் பின்னாலும் இந்தக் கணக்கு இருக்கிறது. "சத்தம் குறைந்தால் பவர் போகும்" என்ற பேச்சு, வேலை தெரிந்த பொறியாளர்கள் கையில் பெருமளவு பொய்த்துப்போய்விட்டது.

இனி விலையைப் பேசுகிறேன். டெசிபல் என்பது அடுக்கு அடுக்காக ஏறும் கணக்கு. 3 டெசிபல் கூடினால் ஒலியின் ஆற்றல் இரட்டிப்பு. 10 கூடினால் பத்து மடங்கு, நம் காதுக்கு ஏறக்குறைய இரண்டு மடங்கு சத்தம். திறந்த வெளியில் தூரம் இரட்டிக்கும் ஒவ்வொரு முறையும் சுமார் 6 டெசிபல் குறையும். இந்த இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். உங்கள் வண்டி 10 டெசிபல் கூடினால், முன்பு ஒரு கிலோமீட்டரில் கேட்ட அதே சத்தம் இப்போது மூன்று கிலோமீட்டருக்கு மேலும் கேட்கும். நீங்கள் தொந்தரவு செய்யும் நிலப்பரப்பு பத்து மடங்கு. முன்பு ஒரு சிற்றூருக்குக் கேட்டது, இப்போது அந்தப் பள்ளத்தாக்கில் இருக்கும் ஊர்களுக்கெல்லாம் கேட்கும். பத்து வண்டிகள் சேர்ந்து போனாலும் இதே 10 டெசிபல்தான் கூடுகிறது. அப்படியானால் கூட்டத்தில் ஒரே ஒருவர் அலறும் குழாய் மாட்டியிருந்தால், அமைதியான வண்டி வைத்திருக்கும் மற்றப் பத்துப் பேரும் சேர்ந்து போடும் சத்தத்தை அவர் தனியாகவே போட்டுவிடுகிறார். ஊர்க்காரர் நினைவில் நிற்பது அந்த ஒருவர்தான். கெட்ட பெயர் எல்லோருக்கும்.

மீட்டர் காட்டுவதைவிட உண்மை மோசம் என்பதையும் சொல்ல வேண்டும். நம் இன்ஜின்கள் பெரும்பாலும் ஒற்றைச் சிலிண்டர் நாலு ஸ்ட்ரோக். 6,000 ஆர்பிஎம்மில் அது நொடிக்கு 50 முறை வெடிக்கிறது, 4,000இல் சுமார் 33 முறை. அடித்தொனி அந்த அலைவரிசையில்தான் இருக்கும். சட்டங்கள் பயன்படுத்தும் ஏ வகை டெசிபல் அளவீடு மனிதக் காதின் போக்குக்கு ஏற்ப அடிஒலியைக் கழித்துப் பார்ப்பது. 50 ஹெர்ட்ஸில் சுமார் 30 டெசிபலைக் கழித்துவிடும். ஆனால் அந்த அடிஒலிதான் ஓட்டுக் கூரையையும் சுவரையும் ஊடுருவும், காற்றில் அதிகம் தேயாமல் தொலைவு போகும், நெஞ்சில் தட்டும். சைலன்சருக்குள் சுற்றியிருக்கும் கிளாஸ் வுல் பஞ்சு கூரான ஒலியை விழுங்கும், இந்த அடிஒலியை அவ்வளவாக விழுங்காது. அதற்கு அறைகளும் கொள்ளளவும் வேண்டும். கம்பெனி சைலன்சர் கனமாக, அசிங்கமாக, பெரிதாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

இதே அடிஒலியில்தான் யானைகளும் பேசிக்கொள்கின்றன. அமெரிக்காவின் போர்ட்லாந்து விலங்குக் காட்சிச்சாலையில் ஆய்வாளர் கேட்டி பெய்ன் 1984இல் கவனிக்கத் தொடங்கி, சகாக்களோடு 1986இல் வெளியிட்ட ஆய்வில், ஆசிய யானைகளின் அழைப்புகள் 14 முதல் 24 ஹெர்ட்ஸ் வரை இருப்பது தெரிந்தது. மனிதக் காதுக்கு எட்டும் எல்லையிலும் அதற்குக் கீழேயும். 2,400 ஆர்பிஎம்மில் ஓடும் நம் ஒற்றைச் சிலிண்டரின் வெடிப்பு 20 ஹெர்ட்ஸ். வால்பாறை, கூடலூர், தாளவாடி என்று நாம் ஆசையாகப் போகும் சாலைகள் யானை நடக்கும் நிலத்தின் ஊடே போகின்றன. காப்புக்காட்டுக்குள் அனுமதியில்லாமல் வண்டியை இறக்குவது குற்றம். அதைப் பற்றி இந்த மடலில் விவாதிக்கவே இடமில்லை. அனுமதியுள்ள சாலையிலும் நம் சத்தம் வேலி தாண்டிப் போகிறது என்பதைத்தான் சொல்ல வந்தேன்.

அமெரிக்காவில் நடந்ததை நாம் தெரிந்துகொள்ள வேண்டும். அங்கே மண்பாதை ஓட்டம் நம்மைவிட இரண்டு தலைமுறை மூத்தது. 1972இலேயே அதிபர் நிக்சன் பொது நிலங்களில் இத்தகைய வண்டிகளை ஒழுங்குபடுத்த ஆணை பிறப்பித்தார். பாதைகளை எங்கே அனுமதிப்பது என்று முடிவு செய்யும்போது சத்தத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும் என்று அதில் இருந்தது. பிறகு 1997இல் லாஸ் வேகஸ் சூப்பர்கிராஸில் டக் ஹென்றி, யமஹாவின் நாலு ஸ்ட்ரோக் வண்டியில் வென்றார். மறு ஆண்டு ஒய்இசட்400எஃப் கடைக்கு வந்தது. சில ஆண்டுகளில் மோட்டோகிராஸ் உலகமே டூ ஸ்ட்ரோக்கிலிருந்து நாலு ஸ்ட்ரோக்குக்கு மாறியது. கூர்மையான கீச்சுச் சத்தத்தின் இடத்தில், மலை தாண்டிக் கேட்கும் அடித்தொனி வந்தது. புகார்கள் பெருகின. கலிபோர்னியா 2003 முதல், 1986 முதல் தயாரான வண்டிகளுக்கு 96 டெசிபல் என்று வரம்பு வைத்தது. குழாய் வாயிலிருந்து 20 அங்குலம் தள்ளி, 45 டிகிரி கோணத்தில் மீட்டரைப் பிடித்து, ரெட்லைனில் ஏறக்குறைய பாதி ஆர்பிஎம்மில் அளப்பது அந்த முறை. அங்குள்ள மோட்டார் சைக்கிள் சங்கமான ஏஎம்ஏ, சத்தம் குறைந்தால் நமக்கு நிலம் கூடும் என்பதையே தன் முழக்கமாக்கிக்கொண்டது. ரைடர்களின் உரிமைக்காகவே இருக்கும் சங்கம் அது. பாதைகள் ஒவ்வொன்றாக மூடப்படுவதைப் பார்த்த பிறகு அது அந்த முடிவுக்கு வந்தது.

அவர்களுக்காவது சட்டப்படி ஒதுக்கிய பாதைகள் இருக்கின்றன. நமக்கு? நாம் ஓட்டும் ஒவ்வொரு அடியும் யாரோ ஒருவருடைய பொறுமையின் மேல் ஓட்டுவது. பஞ்சாயத்துச் சாலை, எஸ்டேட் வழி, யாரோ ஒருவரின் பட்டா நிலத்து ஓரம், கோயிலுக்குப் போகும் தடம். எதுவும் நமக்கென்று எழுதி வைத்ததில்லை. மலையூர் ஒன்றில் டீக்கடை வைத்திருக்கும் அம்மா என்னிடம் சொன்னார்: "வாங்க, போங்க, வேணாம்னு சொல்லல தம்பி. ஆனா அந்த வண்டி வந்தா ஆடு கயித்த அத்துக்கிட்டு ஓடுது, அத யாரு புடிக்கிறது?" அவர் நம்மை வெறுப்பவர் இல்லை, நம்மால் அவருக்கு வியாபாரமும் நடக்கிறது. அவருடைய பொறுமை தீர்ந்தால் தடத்தின் குறுக்கே ஒரு கட்டை விழும். அதன் பிறகு எந்த மேல்முறையீடும் கிடையாது.

சட்டமும் நம் பக்கம் இல்லை. நம் நாட்டில் 175 சிசிக்கு மேற்பட்ட பைக் தயாராகும் நிலையில், முழு த்ராட்டிலில் கடந்து போகும்போது ஏழரை மீட்டர் தள்ளி அளந்தால் 80 டெசிபலைத் தாண்டக் கூடாது. 80 முதல் 175 சிசி வரை 77. மோட்டார் வாகனச் சட்டத்தின் 190(2) பிரிவின்படி ஒலி வரம்பை மீறினால், 2019 திருத்தத்துக்குப் பிறகு, முதல் முறையே 10,000 ரூபாய் வரை அபராதமோ மூன்று மாதம் வரை சிறையோ உண்டு. மூன்று மாதம் லைசென்ஸும் போகும். பறித்த சைலன்சர்களை வரிசையாக அடுக்கி ரோடு ரோலர் ஏற்றும் காட்சிகளைப் பல ஊர்களிலிருந்து பார்த்திருப்பீர்கள்.

சத்தம் இருந்தால் எதிரே வருபவருக்குத் தெரியும், அதுதான் பாதுகாப்பு என்பவர்களும் நம்மில் உண்டு. எக்ஸாஸ்ட் குழாயின் வாய் பின்னோக்கி இருக்கிறது. கொண்டை ஊசி வளைவில் எதிரே வரும் பஸ்ஸுக்கு ஹாரன்தான் சேதி சொல்லும். உண்மையில் நடப்பது வேறு: உங்கள் சத்தத்தில் அந்த பஸ்ஸின் ஹாரன் உங்களுக்கே கேட்காமல் போகிறது. காதும் கெடும். வேலையிடங்களுக்கான பரிந்துரை 85 டெசிபலுக்கு எட்டு மணி நேரம். 100 டெசிபலுக்கு அது 15 நிமிடமாகச் சுருங்குகிறது. நாம் ஒரு நாள் முழுக்க அதன் மேலேயே உட்கார்ந்திருக்கிறோம். மாலையில் வரும் அந்த அசதியில் சத்தத்துக்கும் பங்குண்டு.

கோடையில் இன்னொரு கவலை. அமெரிக்கக் காட்டுத்துறை நிலங்களில் பொறித்தடுப்பு வலை இல்லாத எக்ஸாஸ்டோடு ஓட்ட முடியாது. சிவந்த கரித்துகள் வெளியே பறந்து சருகில் விழுந்தால் காடு பற்றும் என்பதுதான் காரணம். நம் ஊரில் உள்ளே இருந்ததையெல்லாம் உருவி எடுத்த குழாயோடு, மாசி பங்குனியில், காய்ந்த புல்லுக்குள் புகுந்து போகிறோம்.

என்ன செய்யலாம் என்று கேட்டால், கம்பெனி சைலன்சரே போதும் என்பதுதான் என் முதல் பதில். போட்டிக்கென்று தனியாக வண்டி வைத்திருப்பவர் டிராக்கில் என்ன வேண்டுமானாலும் மாட்டட்டும், ஆனால் அங்கும் ஒலி அளவீடு உண்டு. மாற்றித்தான் ஆக வேண்டும் என்பவர் நீளமான, கொள்ளளவு பெரிய சைலன்சராகப் பாருங்கள். குழாய் வாயில் சத்தத்தைக் குறைக்கச் செருகியிருக்கும் டிபி கில்லரைக் கழற்றாதீர்கள். பஞ்சு எரிந்து தீர்ந்துபோனால் சத்தம் ஏறிக்கொண்டே போகும், ஆகவே அதை அவ்வப்போது மாற்றுங்கள். ஈசியூவை டைனோவில் வைத்துச் சரி செய்யுங்கள். போனில் இருக்கும் டெசிபல் ஆப் துல்லியமான கருவி இல்லைதான். ஆனாலும் ஒரே போனில், ஒரே இடத்தில், 20 அங்குலத்தில் இரண்டு வண்டிகளை அளந்தால் எது அலறுகிறது என்று தெரிந்துவிடும். ஊருக்குள் நுழையும்போது கியரை ஏற்றி, த்ராட்டிலைக் குறைத்து, மெதுவாகக் கடந்து போங்கள். அதிகாலையில் மலையூர் வழியே கூட்டமாகப் போவதைத் தவிருங்கள். பவர் குறைகிறது என்று தோன்றினால் எக்ஸாஸ்டுக்குச் செலவழிக்கும் பணத்தில் நல்ல டயர் வாங்குங்கள், சஸ்பென்ஷனை உங்கள் எடைக்கு ஏற்பச் சரி செய்யுங்கள், ஒரு பயிற்சி முகாமுக்குப் போங்கள். அந்த ஏற்றத்தில் உங்களை ஏற்றப் போவது அவைதான்.

கிளப் நடத்துபவர்களுக்கும் ரைடு லீடர்களுக்கும் என் வேண்டுகோள் இன்னும் நேரடியானது. புதிதாகச் சேரும் பையன்கள் உங்களைப் பார்த்துத்தான் வண்டியை மாற்றுகிறார்கள். ஹெல்மெட் இல்லாமல் வந்தால் திருப்பி அனுப்புகிறீர்கள், நீ-கார்டு இல்லையென்றால் கேள்வி கேட்கிறீர்கள். அதே கண்டிப்பு சைலன்சருக்கும் வேண்டும். அடுத்த ரைடு அறிவிப்பில் ஹெல்மெட், பூட்ஸ், தண்ணீர் என்று எழுதும் வரியில் "கம்பெனி சைலன்சர் அல்லது டிபி கில்லர் மாட்டிய வண்டி மட்டும்" என்பதையும் சேர்த்து எழுதுங்கள். எழுதியபடி வாசலில் நின்று பார்த்து, மீறி வந்த வண்டியைத் திருப்பி அனுப்புங்கள்.

அன்புடன்,
உங்களில் ஒருவன்